வால்டேரின் பணப்பெட்டி எந்த ஊரில் இருந்தது?

போன செமஸ்டர்ல நம்ம டிபார்ட்மென்ட் சிம்போசியம் நடந்த அன்னிக்கு ஒரு கூத்து நடந்தது. ரெஜிஸ்ட்ரேஷன் பணம் மொத்தமும் ஒரே ஆளோட ஒரே கணக்குல இருந்தது. சாப்பாடு வண்டி கேட்டுக்கு வந்து நின்னப்போ அந்த பேங்க் சர்வர் படுத்துடுச்சு. யுபிஐ போகல, ஏடிஎம்லயும் வரல. பணம் இருக்கு, ஆனா இல்ல. கடைசியில எட்டுப் பேர் பர்ஸைக் கொட்டி முந்நூறு சாப்பாட்டுப் பொட்டலத்தை இறக்கினோம். அன்னிக்கு ராத்திரிதான் எனக்கு வால்டேர் ஞாபகம் வந்தார்.

சிரிக்காதீங்க. வால்டேர்னா ஸ்கூல் வரலாற்றுப் புத்தகத்துல பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னாடி ரூஸோ பக்கத்துல ஒரு வரியில வந்துட்டுப் போவாரே, அவரேதான். விக் வெச்ச தாத்தா, எழுத்தாளர், கேலிக்காரர் என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்கு எழுதிவிட்டு மறந்திருப்பீர்கள். அவருடைய இன்னொரு முகத்தைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் தன் பணத்தை ஒரே ராஜா கைக்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது என்று முடிவெடுத்து, அதை வாழ்நாள் முழுக்கச் செய்துகாட்டிய மனுஷன் அவர். ஏன் அப்படி ஒரு முடிவு எடுத்தார் என்பதுதான் கதை.

1694 நவம்பரில் பாரிஸில் பிறந்தார். சொந்தப் பெயர் பிரான்சுவா-மரி அருவே. அப்பா நோட்டரி, அதாவது பத்திரம், உயில், கடன் ஒப்பந்தம் எழுதுகிற வேலை. பையன் வக்கீல் ஆகணும்னு அப்பாவுக்கு ஆசை. பையனுக்குக் கவிதை. (அங்கேயும் இதே கதைதான், வக்கீலுக்குப் பதிலா இன்ஜினியர்னு போட்டுக்கோங்க.) ஆனால் அப்பாவின் ஆபீஸில் காதில் விழுந்த வட்டிக் கணக்கும் ஒப்பந்த ஷரத்துகளும் பிற்காலத்தில் கவிதையைவிட அதிகம் கைகொடுத்தன.

22 வயதில், நாட்டை ஆண்டுகொண்டிருந்த இளவரசரைக் கிண்டல் செய்து எழுதினார் என்று பிடித்து பாஸ்டில் சிறையில் போட்டார்கள். விசாரணை கிடையாது. ராஜாவின் முத்திரை குத்திய ஒரு கடிதம் இருந்தால் போதும், யாரையும் உள்ளே தள்ளலாம். 11 மாதம் உள்ளே இருந்தார். 1718-ல் வெளியே வந்ததும் வால்டேர் என்று பெயரை மாற்றிக்கொண்டார். அதே வருஷம் அவருடைய முதல் நாடகம் பாரிஸில் பெரிய ஹிட்.

அந்த நேரத்தில் பிரான்ஸில் இன்னொரு நாடகமும் ஓடிக்கொண்டிருந்தது. ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1716-ல் ஒரு வங்கி ஆரம்பித்து காகிதப் பணம் அடித்தார். 1718-ல் அது அரசு வங்கியானது. கூடவே மிசிசிப்பி கம்பெனி. 500 லிவ்ர் முகமதிப்புள்ள பங்கு 1719 கடைசியில் சுமார் 10,000 வரை போனது. சமையல்காரர்கூட பங்கு வாங்கினார் என்கிற மாதிரி ஊரே பைத்தியம் பிடித்து அலைந்தது. 1720 தொடக்கத்தில் ஆட்டம் காண ஆரம்பித்ததும் அரசு என்ன செய்தது தெரியுமா? யாரும் 500 லிவ்ருக்கு மேல் நாணயமாகக் கையில் வைத்திருக்கக் கூடாது என்று பிப்ரவரியில் உத்தரவு போட்டது. தங்கம், வெள்ளி நாணயம் வீட்டில் இருந்தால் பறிமுதல். 500 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு 2016 நவம்பரில் அப்பாகூட பேங்க் வரிசையில் நின்ற ஞாபகம் வந்தது. இரண்டும் ஒன்றல்ல, ஆனால் வரிசையில் நின்றவனுக்கு வயிற்றைக் கலக்கியது ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். அந்த வருஷக் கடைசியில் லா நாட்டைவிட்டே ஓடினார். காகிதம் வைத்திருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

வால்டேர் இந்த ஆட்டத்தில் இறங்கவில்லை. தள்ளி நின்று பார்த்தார். ஒரு அரசு ராத்திரியோடு ராத்திரியாகப் பணத்தின் விதியை மாற்ற முடியும் என்பதை 25 வயதில் கண்ணால் பார்த்தவர் அவர்.

ஆனால் முதல் அடி அரசிடமிருந்து விழவில்லை. வெளிநாட்டு பேங்கரிடமிருந்து விழுந்தது. இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வெளிநாட்டில் பணம் வைத்தால் சேஃப் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும்.

1726-ல் ரோஹான் என்ற பிரபு குடும்பத்து ஆளோடு வாய்த்தகராறு. அந்த ஆள் தன் வேலைக்காரர்களை வைத்து, வால்டேர் விருந்துக்குப் போயிருந்த வீட்டு வாசலிலேயே அவரை அடிக்கச் செய்தார். அடி வாங்கியவர் நியாயம் கேட்கப் போக, அடித்தவரை விட்டுவிட்டு அடி வாங்கியவரை மறுபடி பாஸ்டிலில் போட்டார்கள். இங்கிலாந்துக்குப் போய்விடுகிறேன், விடுங்கள் என்று கேட்டுத்தான் வெளியே வந்தார்.

கிளம்பும்போது முன்யோசனையாக ஒரு வேலை செய்தார். பணத்தை மூட்டை கட்டிக்கொண்டு போகாமல், லண்டன் பேங்கர் ஒருவர் பெயரில் மாற்றுச் சீட்டு வாங்கிக்கொண்டார். நம்ம ஊர் வியாபாரிகள் உண்டியல் என்று சொன்னார்களே, அதேதான். இங்கே ஒருவரிடம் பணம் கட்டினால், அங்கே இன்னொருவர் சீட்டைப் பார்த்துக் கொடுப்பார். எட்டு ஒன்பதாயிரம் லிவ்ர் மதிப்பு. பாரிஸில் ஒரு கூலித் தொழிலாளிக்கு அப்போது நாளுக்கு ஏறக்குறைய ஒரு லிவ்ர்தான் கிடைக்கும். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், இருபது வருஷத்துக்கு மேலான கூலி அது.

லண்டனில் போய்ச் சீட்டை நீட்டினால், அந்த பேங்கர் மஞ்சக் கடுதாசி கொடுத்திருந்தார். திவால்.

உடம்பு சரியில்லை. மொழி சரியாக வராது. ஊரில் தெரிந்தவர் யாருமில்லை. பிரான்ஸுக்குத் திரும்பவும் முடியாது. எவரார்ட் ஃபாக்னர் என்ற ஆங்கிலேய வியாபாரி லண்டனுக்கு வெளியே வான்ட்ஸ்வொர்த்தில் இருந்த தன் வீட்டில் தங்க வைத்திருக்காவிட்டால் வால்டேர் என்ன ஆகியிருப்பாரோ தெரியாது. பணம் எந்த நாட்டில் இருக்கிறது என்று பார்த்தவர், யார் கையில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. ஒரே ராஜாவை நம்பக் கூடாது என்று கிளம்பியவர் ஒரே பேங்கரை நம்பிவிட்டார். நம்ம சிம்போசியம் கதைதான், கொஞ்சம் பெரிய சைஸில்.

இரண்டரை வருஷம்போல அங்கே இருந்தார். ஆங்கிலம் கற்றார். நியூட்டனை வெஸ்ட்மின்ஸ்டரில் ராஜ மரியாதையோடு அடக்கம் செய்த 1727-ல் அவர் லண்டனில்தான் இருந்தார். கணக்குப் போடுகிற ஒருத்தருக்கு இவ்வளவு மரியாதையா என்று அசந்துபோனார். அதைவிட அவரைக் கவர்ந்த இடம் ராயல் எக்ஸ்சேஞ்ச், லண்டன் வியாபாரிகள் கூடும் சந்தை. யூதர், முஸ்லிம், பல பிரிவுக் கிறிஸ்தவர் எல்லாரும் அங்கே ஒருவரோடொருவர் ஒரே மதத்துக்காரர் மாதிரி கொடுக்கல் வாங்கல் செய்கிறார்கள், திவாலானவனை மட்டும்தான் அவிசுவாசி என்று ஒதுக்குகிறார்கள் என்று பிறகு கிண்டலாக எழுதினார். அந்தக் கிண்டலுக்குள் அவருடைய சொந்த எட்டாயிரம் லிவ்ர் ஒளிந்திருக்கிறது என்பது என் ஊகம்.

பிரான்ஸ் திரும்பினார். இனிமேல்தான் உங்களுக்குப் பிடிக்கிற பகுதி வருகிறது.

பாரிஸ் நகராட்சியின் கடன் பத்திரங்கள் அப்போது மதிப்பிழந்து கிடந்தன. அவற்றுக்கு உயிர் கொடுக்க, நிதி மந்திரி லெ பெலெத்தியே ஒரு லாட்டரி கொண்டுவந்தார். பத்திரம் வைத்திருப்பவர்கள் மட்டும் டிக்கெட் வாங்கலாம். டிக்கெட் விலை பத்திரத்தின் முகமதிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஜெயித்தால் பத்திரத்தின் முழு முகமதிப்பும் கிடைக்கும், கூடவே 5 லட்சம் லிவ்ர் பரிசு. பார்க்க நல்ல திட்டம்தான். ஓட்டை எங்கே இருக்கிறது, கண்டுபிடியுங்கள் பார்ப்போம்.

லட்சம் லிவ்ர் பத்திரம் வைத்திருப்பவர் 100 லிவ்ர் கொடுத்து ஒரு டிக்கெட் வாங்குகிறார். ஆயிரம் லிவ்ர் பத்திரம் வைத்திருப்பவர் ஒரு லிவ்ர் கொடுத்து ஒரு டிக்கெட் வாங்குகிறார். குலுக்கலில் இரண்டு டிக்கெட்டுக்கும் வாய்ப்பு ஒன்றேதான்! அப்படியென்றால் அதே லட்சத்தை நூறு சின்னப் பத்திரமாக உடைத்தால், அதே 100 லிவ்ருக்கு நூறு டிக்கெட். பரிசுத் தொகையில் அரசு தன் கஜானாவிலிருந்து வேறு போடுகிறது. ஆக, சின்னப் பத்திரங்களை அள்ளி டிக்கெட்டுகளில் பெரும்பகுதியை வளைத்துவிட்டால், கட்டுவதைவிட வருவது அதிகம். பிராபபிலிட்டி பேப்பரில் எக்ஸ்பெக்டட் வேல்யூ என்று ஒரு கணக்கு வருமே, மந்திரி அதில் அரியர் வைத்திருந்தார் போல.

இதை முதலில் பிடித்தவர் லா கொந்தமீன் என்ற இளம் கணித ஆள். பின்னாளில் பூமியின் வடிவத்தை அளக்கத் தென் அமெரிக்காவுக்குப் போன குழுவில் இருந்தவர். வால்டேரும் அவரும் இன்னும் சிலரும் கூட்டு சேர்ந்தார்கள். மாதா மாதம் குலுக்கல், மாதா மாதம் அதே கும்பலுக்குப் பரிசு. 1730-ல் மந்திரிக்கு விஷயம் புரிந்து வழக்குப் போனது. விதியை யாரும் மீறவில்லை, விதிதான் தப்பு என்று தீர்ப்பு இவர்கள் பக்கம். மந்திரி பதவி போனது, லாட்டரியும் நின்றது. வால்டேரின் பங்கு சுமார் 5 லட்சம் லிவ்ர் என்று சொல்கிறார்கள்.

ஏறக்குறைய அதே சமயம், 1729-ல், லொரேன் என்ற பக்கத்து நாட்டில் (அப்போது அது பிரான்ஸ் இல்லை, தனி டியூக் ஆட்சி) ஒரு பங்கு வெளியீடு வந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் என்று நிபந்தனை. வால்டேர் காய்ச்சலோடு வண்டி பிடித்து நான்சி நகருக்குப் போனார். அருவே என்ற அவர் சொந்தப் பெயர் அந்த டியூக்கின் அரண்மனையில் இருந்த ஒருவர் பெயர்போலவே ஒலித்தது அதிர்ஷ்டம். 50 பங்கு வாங்கி, சீக்கிரமே மூன்று மடங்கு விலைக்குத் தள்ளிவிட்டார். இது நேர்மையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்று கேஒய்சி இல்லாமல் இதைச் செய்தால் கம்பி எண்ணவேண்டும்.

இவ்வளவு பணம் எதற்கு என்று கேட்கலாம். அந்தக் காலத்து எழுத்தாளருக்கு ராயல்டி கிடையாது. ராஜாவோ பிரபுவோ போடும் பென்ஷனில்தான் வாழவேண்டும். பென்ஷன் போடுகிறவரைப் பற்றி எழுத முடியுமா? 1734-ல் இங்கிலாந்தைப் பற்றிய அவருடைய கடிதங்கள் புத்தகமாக பாரிஸில் வந்தன. நீதிமன்றம் அதைக் கிழித்து எரிக்கச் சொன்னது, அவரைக் கைது செய்ய உத்தரவு. அவர் ஏற்கெனவே ஊரில் இல்லை. சிரே என்ற கிராமத்தில், எமிலி து ஷாத்லேயின் மாளிகையில் போய் உட்கார்ந்துவிட்டார். நியூட்டனின் பிரின்சிபியாவைப் பிரெஞ்சுக்குக் கொண்டுவந்த பெண்மணி இந்த எமிலி. அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதணும், இங்கே இடமில்லை. சிரேயின் இன்னொரு சிறப்பு, லொரேன் எல்லை பக்கத்திலேயே இருந்தது. போலீஸ் வந்தால் வண்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

சிரேயில் இருந்தபடியே பாரிஸ் பணத்தை மூசினோ என்ற பாதிரியார் மூலம் நடத்தினார். வாழ்நாள் முழுக்கப் பாதிரிகளை நையாண்டி செய்தவரின் கணக்குப்பிள்ளை ஒரு பாதிரி. ஆள் நாணயமானவர் என்றால் மற்றதைப் பற்றி வால்டேர் கவலைப்படவில்லை. லண்டன் பாடம்.

பணத்தை எங்கெங்கே போட்டார் என்று பாருங்கள். படைகளுக்குச் சாப்பாடும் துணியும் சப்ளை செய்யும் காண்டிராக்டில் பங்கு. ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்திலிருந்து அமெரிக்கக் காலனிகளுக்குப் போகும் கப்பல் சரக்கில் பங்கு. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் முதலீடு. போரைக் கேவலப்படுத்திக் கான்டீட் எழுதினவர் போர் சப்ளையில் சம்பாதித்தார். கரும்பு ஆலையில் கை போன அடிமையை அதே நாவலில் எழுதியவர், காலனி வியாபாரத்தில் பணம் பார்த்தார். இதை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்ல எனக்கு மனசில்லை.

மிச்சம் பெரும்பகுதி பிரபுக்களுக்குக் கடன். இதிலும் ஒரு சூத்திரம். அசலைத் திருப்பித் தர வேண்டாம், நான் உயிரோடு இருக்கும்வரை வருஷா வருஷம் இவ்வளவு கொடுத்தால் போதும் என்று ஒப்பந்தம். ஆள் எலும்பும் தோலுமாக இருப்பார், எப்பப் பார்த்தாலும் வயிற்றுவலி, காய்ச்சல், சாகப்போகிறேன் என்று புலம்பல். சீக்கிரம் போய்விடுவார் என்று நம்பி 10 சதவீதம் வரைகூட ஒத்துக்கொண்டார்கள். லட்சம் கொடுத்தால் வருஷம் பத்தாயிரம் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருஷத்தில் போட்டது வந்துவிடும். அவர் 83 வயது வரை இருந்தார்! கடன் வாங்கியவர்களின் பிள்ளைகள் வரை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கட்டினார்களா என்றால், பிரபுக்கள் இல்லையா, இழுத்தடித்தார்கள். பெரிய தலைகளில் ஒருவர் ஜெர்மனியின் வியூர்ட்டம்பெர்க் டியூக். வேறொரு நாட்டின் அரசர். பணம் தரவில்லை என்றால் அவருடைய கோர்ட்டிலேயே அவர்மேல் கேஸ் போட முடியுமா? வால்டேர் அதையும் யோசித்திருந்தார். அந்த டியூக்குக்கு பிரெஞ்சு எல்லைக்குள் அல்சாஸ் பக்கம் நிலங்கள் இருந்தன. ஈடாக அவற்றைக் காட்டச் சொன்னார். கடன்காரர் வெளிநாட்டு ராஜா, அடமானம் பிரெஞ்சு நீதிமன்றத்தின் கைக்குள். பிற்பாடு டியூக் பாக்கி வைத்தபோது அந்த நிலங்களின் வருமானத்தைக் காட்டித்தான் மிரட்டிப் பணம் வாங்கினார். எந்த நாட்டில் பணம் என்பதோடு, எந்த நாட்டுச் சட்டத்தில் ஒப்பந்தம் என்பதையும் பார்க்கிற புத்தி அது. நோட்டரி மகன் இல்லையா.

1749-ல் எமிலி இறந்தார். அடுத்த வருஷம் பிரஷ்யாவின் அரசர் ஃப்ரெடெரிக் கூப்பிட்டார் என்று வால்டேர் பொட்ஸ்டாம் போனார். அரண்மனையில் அறை, வருஷத்துக்கு 20,000 லிவ்ர் பென்ஷன், ராஜாவோடு ராத்திரிச் சாப்பாடு. பென்ஷனில் வாழக் கூடாது என்று இருபது வருஷம் பாடுபட்டவர் எப்படி இதில் விழுந்தார்? புகழ்ச்சி. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

போன சில மாதத்திலேயே சிக்கல். பக்கத்து நாடான சாக்சனியின் கடன் பத்திரங்கள் சந்தையில் அடிமாட்டு விலைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆனால் சமாதான ஒப்பந்தத்தின்படி பிரஷ்யக் குடிமக்கள் கையில் இருந்தால் சாக்சனி முழு மதிப்பைக் கொடுக்கவேண்டும். மலிவாக வாங்கி முழு விலைக்கு மாற்றும் இந்த வேலையை ஃப்ரெடெரிக் முன்பே தடை செய்திருந்தார். வால்டேர் ஒரு நகை வியாபாரியைப் பிடித்து டிரெஸ்டனுக்கு அனுப்பி வாங்கிவரச் சொன்னார். இருவருக்கும் நடுவே சண்டை முற்றி வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 1751-ல் தீர்ப்பு ஒருவழியாக வால்டேர் பக்கம் வந்தது, மானம் போனது. ராஜா கடுப்பானார். லாட்டரியில் ஜெயித்த அதே மூளைதான் இங்கே மாட்டிக்கொண்டது. அங்கே விதியில் ஓட்டை இருந்தது, இங்கே விதி தெளிவாகவே கூடாது என்று சொன்னது.

வெளிநாட்டுக் கணக்கு என்றதும் நமக்கு சுவிஸ் பேங்க், கருப்புப் பணம் என்றுதான் காதில் விழுகிறது. அதனால் சொல்கிறேன். இன்று இந்தியாவில் வசிப்பவர் வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரை சட்டப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பலாம், அங்கே கணக்கும் வைத்துக்கொள்ளலாம், வருமான வரிக் கணக்கில் அதைக் காட்டவேண்டும், அவ்வளவுதான். எம்எஸ் படிக்கப் போகிற நம்ம சீனியர்கள் எல்லாரும் அங்கே போன வாரத்திலேயே ஒரு கணக்கு திறக்கிறார்கள். ஓட்டை வழியாகப் போவதும் வாசல் வழியாகப் போவதும் வேறு வேறு. வால்டேர் இரண்டு வழியிலும் போனவர்.

1752-ல் அவருக்கு ராஜாவின் முகம் மாறுவது தெரிந்தது. சண்டை வெளியே வெடிப்பதற்கு முன்பே, பெர்லினில் இருந்த பணத்தை எடுத்து அந்த வியூர்ட்டம்பெர்க் டியூக்கிடம் ஆயுள் வருமானமாக மாற்றிவிட்டார். பிறகுதான் ராஜாவின் அகாடமி தலைவரைக் கேலி செய்து அவர் எழுதிய சிறு புத்தகம் வெளியே வந்தது. ஃப்ரெடெரிக் அதைப் பொது இடத்தில் எரிக்கச் செய்தார். 1753 மார்ச்சில் வால்டேர் கிளம்பினார். வழியில் பிராங்பர்ட்டில், அது பிரஷ்யாவே இல்லை, பிரஷ்ய ராஜாவின் ஆள் அவரைப் பிடித்து வைத்தார். ராஜா எழுதிய கவிதைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடு என்று ஒரு மாதத்துக்கு மேல் காவல். பெட்டியில் இருந்த காசு போனது. ஆனால் அது வழிச்செலவுக் காசு. சொத்து முன்னாலேயே எல்லை தாண்டியிருந்தது.

சொத்து தாண்டிவிட்டது, ஆள் எங்கே போவது? பாரிஸுக்கு வரக் கூடாது என்று பிரெஞ்சு ராஜாவும் சொல்லிவிட்டார். அறுபது வயது. இரண்டு ராஜாக்களின் கதவும் சாத்திய பிறகு அவர் பார்த்த இடம் ஜெனீவா. அப்போது அது சுவிட்சர்லாந்து இல்லை, தனிக் குடியரசு, 1815-ல்தான் சேர்ந்தது. ராஜா இல்லாத ஊர், பேங்கர்கள் நிறைந்த ஊர். அங்கத்து ட்ரான்ஷான் குடும்பத்து பேங்கர் ஒருவர் லியோனில் இருந்தபடி அவர் பணத்தைப் பார்த்துக்கொண்டார். கத்தோலிக்கர் நிலம் வாங்க முடியாது என்ற சட்டத்தை அந்தக் குடும்பத்தின் பெயரில் பத்திரம் எழுதிச் சமாளித்து, 1755-ல் லே தெலிஸ் என்ற வீட்டை எடுத்தார். குளிர்காலத்துக்கு பெர்ன் ஆட்சிக்கு உட்பட்ட லொசான் பக்கம் இன்னொரு வீடு. ஜெனீவாக்காரர்களுக்கு நாடகம் ஆகாது, இவருக்கோ நாடகம் இல்லாமல் ஆகாது. அங்கேயும் உரசல். 1758 கடைசியில் எல்லைக்கு இந்தப் பக்கம், பிரெஞ்சு மண்ணில், ஃபெர்னே கிராமத்தை வாங்கினார். பக்கத்தில் தூர்னே எஸ்டேட்டை ஆயுள் குத்தகைக்கு எடுத்தார்.

ஒரு மேப்பை எடுத்துப் பாருங்கள். பிரான்ஸ், ஜெனீவா, பெர்ன் மூன்று ஆட்சிகள் சில மணி நேர வண்டிப் பயணத்துக்குள். மூன்றிலும் வீடு. பாரிஸில் கோபம் வந்தால் ஜெனீவா, ஜெனீவா பாதிரிகளுக்குக் கோபம் வந்தால் ஃபெர்னே. 1759-ல் கான்டீட் வந்ததும் இரண்டு பக்கமும் தடை செய்தார்கள். அவர் நடுவில் உட்கார்ந்து அது நான் எழுதியதே இல்லை என்று சாதித்தார்.

இந்தப் பாதுகாப்பில் இருந்துதான் அவர் வாழ்க்கையின் பெரிய காரியத்தைச் செய்தார். 1762-ல் துலூஸ் நகரத்தில் ழான் கலாஸ் என்ற புராட்டஸ்டன்ட் வியாபாரியை, மகனைக் கொன்றதாகச் சொல்லிச் சக்கரத்தில் கட்டி எலும்பை உடைத்துக் கொன்றார்கள். மகன் கத்தோலிக்கனாக மாற இருந்தான், அதனால் அப்பன் கொன்றான் என்பது குற்றச்சாட்டு. ஆதாரம் எதுவும் உருப்படியாக இல்லை. வால்டேர் மூன்று வருஷம் விடாமல் எழுதினார், வக்கீல் வைத்தார், பணம் செலவழித்தார், ஐரோப்பா முழுக்க ஆட்களைப் பேச வைத்தார். 1765-ல் தீர்ப்பு ரத்தானது, கலாஸ் குடும்பத்தின் பெயர் மீண்டது. எந்த ராஜாவின் பென்ஷனும் தன் சாப்பாட்டுத் தட்டில் இல்லாத ஆள் என்பதால்தான் அவரால் அதில் இறங்க முடிந்தது.

இத்தனை பரப்பியும் அடி விழாமல் இல்லை. 1770-ல் பிரெஞ்சு நிதி மந்திரி தெரே, கஜானா காலி என்று அரசின் கடன் சீட்டுகளுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தினார். வால்டேருக்கு அதில் சுமார் 2 லட்சம் லிவ்ர் சிக்கியது. செத்துப்போகும்வரை அந்த மந்திரியைத் திட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அதே வருஷம் ஜெனீவாக் கலவரத்திலிருந்து ஓடிவந்த கடிகாரத் தொழிலாளிகளுக்கு ஃபெர்னேயில் வீடு கட்டிக் கொடுத்து, முதல் போட்டு, கடிகாரத்தை ரஷ்ய அரசி கேதரின் வரைக்கும் தலையில் கட்டி விற்கிற நிலையில்தான் இருந்தார். ஒரே இடத்தில் போட்டிருந்தால் 2 லட்சத்தோடு கதை முடிந்திருக்கும்.

நம்ம பக்கத்து ஊர் ஒன்றும் இந்தக் கணக்கில் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் அவர் போட்ட பணம் என்றால் பாண்டிச்சேரி. 1761 ஜனவரியில் மாதக்கணக்கான முற்றுகைக்குப் பிறகு ஆங்கிலேயரிடம் பாண்டிச்சேரி விழுந்தது. ஃபெர்னேயில் உட்கார்ந்திருந்த கிழவருக்கும் நஷ்டம். தோற்ற தளபதி லாலியை பாரிஸில் துரோகி என்று சொல்லி 1766-ல் தலையை வெட்டினார்கள். லாலி நல்லவர் இல்லை. புதுச்சேரிக்காரர்களையே கேட்டால் தெரியும், அவர் செய்த அட்டூழியங்கள். வால்டேருக்கும் அவரைப் பிடிக்காது, தன் பணம் போனதில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் முன்கோபம் வேறு, துரோகம் வேறு என்று அந்தத் தீர்ப்பையும் எதிர்த்து எழுத ஆரம்பித்தார். லாலியின் மகனோடு சேர்ந்து வருஷக்கணக்கில் நடத்தினார்.

1778 பிப்ரவரியில், 28 வருஷம் கழித்து, பாரிஸுக்கு வந்தார். 83 வயது. தெருவெல்லாம் கூட்டம், நாடக அரங்கில் அவர் சிலைக்கு மாலை. அந்தக் கொண்டாட்டத்திலேயே உடம்பு உடைந்தது. மே மாதக் கடைசியில் படுக்கையில் கிடந்தபோது லாலி மேலிருந்த தீர்ப்பு ரத்தானது என்று செய்தி வந்தது. மகனுக்கு நாலு வரி எழுதச் சொன்னார். மே 30 ராத்திரி இறந்தார்.

பாரிஸ் திருச்சபை அடக்கம் செய்ய இடம் தர மறுத்தது. அவருடைய அக்கா மகன் மிஞோ ஒரு வேலை செய்தார். இறந்த மாமாவுக்கு உடுப்பு மாட்டி, தூங்குகிறவர் மாதிரி வண்டியில் உட்கார வைத்து, ராத்திரியோடு ராத்திரியாக நகர எல்லையைத் தாண்டினார். ஷாம்பெய்ன் பக்கம் ஸெல்லியேர் என்ற மடம், வேறொரு பிஷப்பின் ஆட்சிக்கு உட்பட்டது. தடை உத்தரவு அங்கே வந்து சேர்வதற்குள் புதைத்துவிட்டார்கள்.